நீரும் காற்றும் வெயிலும்: கம்பம் பள்ளத்தாக்கின் மின்விசையும் ஊரார் பிழைப்பும்

கூடலூரைக் கடந்து குமுளி மலைப்பாதையில் ஏறுவோர் யாவரும், லோயர் கேம்ப் என்னும் இடத்தில் மலைச்சரிவில் இறங்கி வரும் நான்கு பெரிய எஃகுக் குழாய்களைக் கண்டிருப்பர். நம் பள்ளத்தாக்கில் மின்விசை எங்கிருந்து வருகிறது என்று பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும் அக்குழாய்களைத்தான் சுட்டிக் காட்டுவான். ஆயினும், அக்குழாய்களுக்குள் என்ன நிகழ்கிறது, அதற்கு அரசாங்கம் இட்ட முதல் எத்தகையது, அம்முதலினால் ஊராருக்குக் கிடைத்த வேலை எவ்வளவு, இனிக் கிடைக்கக் கூடியது எவ்வளவு என்பவற்றை ஊராட்சிப் பொறுப்பில் இருப்போரும் உழவர்களும் கணக்கிட்டு அறிந்து கொள்ளுதல் நலம். கரியும் எண்ணெயும் எரிக்காமல் நீராலும் காற்றாலும் வெயிலாலும் மின்விசை எடுக்கும் முயற்சிகளுக்கு இன்று நாடெங்கும் பெரும்பணம் செலவிடப்படுகிறது. அதில் நம் பகுதிக்கு வருவது, தேனி மாவட்டத்தின் 130 கிராம ஊராட்சிகளில் யாருடைய கையில் தங்குகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விழும் நீரின் விசை

பெரியாற்று அணை, பொறியாளர் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்து கொண்டிருந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு வைகைப் படுகைக்கு வந்தது. அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நீர் வயலுக்கு உதவிற்றேயன்றி, அது மலையிலிருந்து விழும் விசை வீணே போயிற்று. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில்தான் அவ்விசைக்கு வேலை கொடுக்கப்பட்டது. பெரியாறு புனல் மின் நிலையத்தின் முதற் பொறி 1958-இலும் நான்காவது பொறி 1965-இலும் இயங்கத் தொடங்கின. பொறி ஒன்றுக்கு 35 மெகாவாட் வீதம் நான்கிற்கும் 140 மெகாவாட் திறன். பின்னாளில் பொறிகள் புதுப்பிக்கப்பட்டுத் திறனும் கூட்டப்பட்டது. அணை நிற்பது கேரளத்து மண்ணில் என்பதால், மின்விசை எடுப்பதற்கென 1970 மே 29-இல் இரு மாநிலங்களும் தனி உடன்படிக்கை செய்து கொண்டன. 1886-ஆம் ஆண்டுக் குத்தகையில் ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த ஆண்டு வாடகை, அப்போது 30 ரூபாயாக உயர்ந்தது. மின்விசைக்கும் தனிக் கட்டணம் ஏற்பட்டது.

இதன் கணக்கை உழவர்கள் எளிதில் புரிந்து கொள்ளலாம். விநாடிக்கு ஒரு கன அடி என்று மதகில் நாம் அளக்கும் நீர், ஏறத்தாழ 28 லிட்டர். அந்த ஒரு கன அடி நீர் ஆயிரம் அடி உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கிச் சுழலியின் மேல் மோதினால், தேய்மானம் போக ஏறக்குறைய 70 கிலோவாட் கிடைக்கும். அஃதாவது ஐந்து குதிரைத்திறன் கிணற்று மோட்டார்கள் பதினெட்டை ஒரே வேளையில் ஓட்டப் போதுமான விசை. லோயர் கேம்ப்புக் குழாய்களில் விநாடிக்கு ஏறத்தாழ 1,600 கன அடி வரை இறங்க முடியும். விழும் உயரமும் ஆயிரம் அடிக்கு மேற்பட்டது. பெருக்கிப் பார்ப்போர்க்கு 140 மெகாவாட்டின் பொருள் விளங்கும். குழாய்களின் அளவுக்கு மிஞ்சிய நீரைத் திறக்கும்போது அது இரைச்சல் பாலத்து வழியே விழுகிறது. அந்த நீரின் விசை இன்றும் வீண்தான்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்விசை கொடுத்த நீர் குறைந்து போவதில்லை. லோயர் கேம்ப்பில் சுழலியைச் சுற்றிய நீரே முல்லையாற்றில் இறங்கி, வழியில் அமைந்த சிறு புனல் மின் நிலையங்களில் மீண்டும் வேலை செய்து, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைத்து, எஞ்சியது வைகை அணைக்குச் செல்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட அவ்வணையின் அடியிலும் 6 மெகாவாட் திறனுள்ள சிறு நிலையம் ஒன்று உண்டு. அங்கும் சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் அந்நீர் மதுரைச் சீமைக்குப் போகிறது. மேகமலைப் பக்கத்து நீரைக் கொண்டு 1978 முதல் 35 மெகாவாட் தரும் சுருளியாறு நிலையமும் இவ்வகையதே. ஒரு படி நெல்லை நான்கு முறை குத்தி நான்கு முறை அரிசி எடுக்க முடியாது. நீரின் விசையில் அது முடிகிறது.

இனி வேலையின் கணக்குக்கு வருவோம். இத்தகைய நிலையங்களைக் கட்டும் காலத்தில் கல்லுடைப்போர், கொத்தர், பற்றவைப்போர், சுமை தூக்குவோர் எனப் பல்லாயிரம் கைகள் வேண்டியிருக்கும். கட்டி முடித்த பின் பொறியைப் பார்த்துக் கொள்ளச் சிலர் போதும். அச்சிலரும் தேர்வெழுதி எங்கிருந்தோ மாற்றலாகி வருவோரே. ஆகையால் மின் நிலையத்தினால் நம் ஊராருக்கு வேலை கிடைக்கவில்லை என்று கூறுவோர் உண்டு. அக்கூற்று பாதி மெய். மறுபாதியைக் காண வேண்டுமாயின் மின் நிலையத்தின் வாயிலில் நின்று பயனில்லை; சின்னமனூரிலும் கம்பத்திலும் போடியிலும் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்குப் போக வேண்டும். கமலை கட்டி இறைத்த கிணறுகளில் மோட்டார் இறங்கியபோது, காயில் கட்டுவோர், குழாய் பொருத்துவோர், ஒயரிங் செய்வோர், போர் போடுவோர், அரைவை மில் வைத்தோர் எனப் புதிய பிழைப்புகள் ஊர்தோறும் தோன்றின. மேட்டுக்காடுகள் வாழையும் திராட்சையும் தென்னையும் கண்டதனால் நடவுக்கும் களைக்கும் அறுவடைக்கும் ஆள் தேவை பெருகிற்று. மின்விசையை உண்டாக்குமிடத்தில் பிறந்த வேலை சிறிது; அதனைப் பயன்படுத்துமிடத்தில் பிறந்த வேலை பெரிது. புதிய திட்டங்கள் எதுவாயினும் இந்த அளவுகோலைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஆடிக் காற்றும் மின் கம்பியும்

தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் மோதி, மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்து பெரியாற்றை நிரப்புகிறது. ஈரத்தை இழந்த அதே காற்று, மலையில் தாழ்ந்த இடைவெளிகளின் வழியே புகுந்து, ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கத்தையும் கண்டமனூர்க் காடுகளையும் நோக்கி வீசுகிறது. அணைக்கு நீர் வரும் மாதங்களும் காற்றாலை சுழலும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே: வைகாசிக் கடைசி முதல் புரட்டாசி வரை. மாசி முதல் சித்திரை வரை ஆறும் காற்றும் ஓய்ந்திருக்கும்போது வெயில் உச்சத்தில் நிற்கிறது. இந்த ஒழுங்கைப் பார்த்தால் இயற்கை நம் பள்ளத்தாக்குக்கு முறை போட்டு வேலை பிரித்துக் கொடுத்திருப்பதாகவே தோன்றும்.

காற்றின் கணக்கு நீரின் கணக்கினும் விந்தையானது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை இரட்டிப்பதில்லை, எட்டு மடங்காகிறது. ஆகவேதான் ஓரூரில் காற்றாலைகள் நெருங்கி நிற்க, அடுத்த ஊரில் ஒன்றும் இல்லாதிருக்கிறது. வேகம் சிறிது குறைந்தாலும் வருவாய் பெரிதும் குறைந்து விடும். ஆண்டுக் கணக்கில் காற்றை அளந்து பார்க்காமல் எவரும் இதில் பணம் இடுவதில்லை.

இத்தொழிலுக்கு வழிகாட்டியதும் அரசாங்கமே. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாடு மின்சார வாரியம் மாதிரிக் காற்றாலைகளை நிறுவிக் காட்டிய பின்னரே தனியார் துணிந்து முன்வந்தனர். இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் உள்ளன; அவற்றுள் மிகப் பெரும்பகுதி தனியாருடையது. அரசாங்கத்தின் முதல் இப்போது வேறிடத்தில் இருக்கிறது. காற்று மிகுந்த காலத்து மின்விசையைக் கொண்டு செல்லக் கம்பியும் துணை மின் நிலையமும் இல்லையேல் காற்றாலையை நிறுத்தி வைக்க வேண்டியதுதான். அதற்கென வகுத்த பசுமை எரிசக்தி வழித்தடத் திட்டத்தில் 40 விழுக்காடு மத்திய அரசின் மானியம், 40 விழுக்காடு ஜெர்மானிய வளர்ச்சி வங்கியின் கடன், 20 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. நம் மாவட்டத்துத் தப்புக்குண்டில் அமைந்த 400 கிலோவோல்ட் துணை மின் நிலையம் அத்திட்டத்தைச் சேர்ந்தது.

காற்றாலையினால் ஊராருக்கு என்ன வேலை? கோபுரம் ஏற்றும்போது சில மாதம் கூலி; பின்னர்க் காவல்; பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற சிலர். உண்மையில் பலருக்குக் கிடைத்தது நிலத்தின் விலை மட்டுமே. மானாவாரி நிலத்தை இடைத்தரகரிடம் அவர் சொன்ன விலைக்கு விற்றுவிட்டு, அப்பணம் கரைந்த பின் அதே நிலத்துக்குக் காவற்காரராகப் போனவர்கள் உண்டு. நிலத்தைக் கிரயம் செய்து கொடுப்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்திரம் எழுதுமுன் கேட்டறிய வேண்டும். குத்தகையாயின் எத்தனை ஆண்டு, ஆண்டுதோறும் வாடகை உயருமா, இயந்திரம் ஓய்ந்த பின் கோபுரத்தின் அடித்தளத்தைப் பெயர்த்து நிலத்தை ஒப்படைப்பவர் யார், கனரக வண்டி சென்ற ஊராட்சிச் சாலையைச் செப்பனிடுபவர் யார் என்பன எழுத்தில் வர வேண்டும். கடைசிக் கேள்வி தனியாருடையதன்று, ஊராட்சியினுடையது. வரப்பு உடைந்தால் அன்றே கேட்கும் நாம், சாலை உடைந்தால் ஓராண்டு கழித்தே கேட்கிறோம்.

இதில் மேலும் ஒன்று வரவிருக்கிறது. இருபது ஆண்டைக் கடந்த பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் 2024-இல் மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. சிறிய பழம்பொறிகள் பலவற்றைக் கழற்றிப் பெரிய பொறிகள் சிலவற்றை நிறுத்தும் வேலை அது. கழற்றும் வேலையிலும் கம்பி இழுக்கும் வேலையிலும் உள்ளூர்த் தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர்க்கு இடம் வேண்டும் என்பதை இயந்திரம் வந்திறங்கிய பின் கேட்பதில் பயனில்லை. அனுமதி கோரிக் கடிதம் வரும்போதே கேட்க வேண்டும்.

ஓடந்துறை காட்டிய வழி

ஊராட்சியே காற்றாலைக்கு உடைமையாளர் ஆகக் கூடுமா? கூடும் என்பதற்குக் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை சான்று. 1996 முதல் 2006 வரை அதன் தலைவராயிருந்த திரு. ஆர். சண்முகம் காலத்தில், தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஊராட்சி கட்டிய மின்கட்டணம் ஏறிக் கொண்டே வந்தது. முதலில் சோலார் தெருவிளக்கும், மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டார் ஓட்டும் கருவியும் வைத்துப் பார்த்தனர். பின்னர் 2006-இல், ஊராட்சியின் சேமிப்பு 40 இலட்சம் ரூபாயும் வங்கிக் கடன் 1 கோடியே 15 இலட்சமுமாக 1 கோடியே 55 இலட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினர். அது நின்றது ஓடந்துறையில் அன்று. காற்று மிகுந்த உடுமலைப் பக்கத்து மைவாடியில். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 இலட்சம் யூனிட் கிடைத்தது. ஊராட்சியின் தேவை 4.5 இலட்சம் யூனிட். மிச்சத்தை மின் வாரியத்துக்கு விற்று வந்த வருவாயைக் கொண்டு கடனை அடைத்தனர்.

இக்கதையைக் கேட்ட பலர் நம்மிடம், நம் ஊராட்சியும் காற்றாலை வாங்கலாமா என வினவியதுண்டு. இன்றைய நிலையில் ஒரு சிற்றூராட்சி தனியே இறங்க வேண்டும் என்று நாம் கூறமாட்டோம். அன்றைய 350 கிலோவாட் பொறிகளின் காலம் போய், இன்று இரண்டு மூன்று மெகாவாட் பொறிகளே சந்தையில் உள்ளன. அவற்றின் விலை பல கோடி. மின்விசையைக் கணக்கில் வைத்துப் பின்னர் எடுத்துக் கொள்ளும் விதிகளும் அன்றிருந்தவை அல்ல. ஓடந்துறையிடம் கற்க வேண்டியது காற்றாலை வாங்குவதை அன்று. மின்கட்டண ரசீதுகளை அடுக்கி வைத்துக் கூட்டிப் பார்த்ததை. நம் ஊராட்சிகள் பலவற்றில் அந்த ரசீதுகள் கோப்பில் கிடக்கின்றன, கூட்டப்படுவதில்லை. டென்மார்க் நாட்டில் சாம்சோ என்னும் நாலாயிரம் பேர் வாழும் தீவில், 1997-க்குப் பின் உழவர்கள் பங்கு சேர்ந்து காற்றாலைகள் நிறுவினர். அங்கும் முதல் வேலை, தீவுக்குள் வரும் எண்ணெய்க்கும் மின்விசைக்கும் எவ்வளவு பணம் வெளியே போகிறது என்று கணக்கிட்டதே.

வெயிலும் அதன் பராமரிப்பும்

வெயிலால் மின்விசை எடுப்பதற்குக் காற்றைப் போல இடந்தேட வேண்டியதில்லை; கூரை போதும். ஒரு கிலோவாட் தகடுகளுக்கு நூறு சதுர அடி அளவு நிழலற்ற இடம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி நாலு முதல் ஐந்து யூனிட் கிடைக்கும். பெருநிலையங்களோ வேறு வகை. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. அத்தகைய நிலையங்களில் தகட்டின் தூசி துடைப்பதையும் இயந்திரங்களே செய்து வருகின்றன. இருபோக நெல்லும் திராட்சையும் விளையும் நம் பள்ளத்தாக்கில் நிலத்தை அவ்வாறு மூடுவது பொருந்தாது. நமக்கு ஏற்றது கூரையும் கிணற்றடியும் தெருமுனையும்.

கூரையில் நாம் முன்பே தொடங்கியிருக்கிறோம். 2011-12-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து சோலார் விளக்குகள் அளிக்கப்பட்டன. வீட்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் 30 ஆயிரம் விளக்குக்கென ஒதுக்கியது. ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடு மாநிலமெங்கும் கட்டப்பட்டது. சோலார் தெருவிளக்குகளும் அதே காலத்தில் வந்தன. கிராமத்து எளியவர் வீட்டுக் கூரையில் அரசாங்கம் நேரே முதலிட்ட திட்டம் இது.

ஊர்களுக்குச் செல்லும்போது அவ்விளக்குகளை நாம் பார்த்து வருகிறோம். எரிவன உண்டு, அணைந்தன பல. அணைந்ததற்குக் காரணம் தகடு அன்று. தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும் பொருள். நாலைந்து ஆண்டில் தேய்வது பேட்டரி. பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவாரில்லை. முனையில் பூத்த உப்பைச் சுரண்டுவாரில்லை. தகட்டில் படிந்த புழுதியைத் துடைப்பாரில்லை. ஒரூரில் வேப்பமரம் வளர்ந்து தகட்டை மூடியிருந்தது. கிளையைக் கழித்ததும் விளக்கு எரிந்தது. ஐந்நூறு ரூபாய் வேலை செய்ய ஆளில்லாமையால் முப்பதாயிரம் ரூபாய்ப் பொருள் கிடக்கிறது. பொருள் வாங்கப் பணம் ஒதுக்கிய நாம் அதனைப் பேண ஆளை ஒதுக்கவில்லை. வேலைவாய்ப்பு எங்கே என்று தேடுவோர் தேட வேண்டிய இடம் இதுவே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடுத்தடுத்த ஐந்து ஊராட்சிகளில் 150 சோலார் விளக்குகளும் 30 சோலார் பம்புசெட்டுகளும் தகடு பொருத்திய 10 பொதுக் கட்டடங்களும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். விளக்கையும் பம்புசெட்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், கட்டடத் தகடுகளை மாதம் ஒருமுறையும் பார்ப்பதாயின் ஆண்டுக்கு 840 முறை போக வேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு இடம் வீதம் அது 240 நாள் வேலை. அஃதாவது ஓராளுக்கு ஓராண்டு முழுதும் வேலை. மாவட்டத்தின் 130 ஊராட்சிகளுக்கும் கணக்கிட்டால் 26 பேர். இருபத்தாறு என்பது சிறிய எண் என்று நகைப்போர் நகைக்கட்டும். எந்தக் காற்றாலைக் கூட்டத்திலும் உள்ளூர்க்காரர் இருபத்தாறு பேர் நிரந்தரமாய்ப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்து விட்டு நகைக்கட்டும். இவ்வேலைக்கு வேண்டிய படிப்பு, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவும், அதன் மேல் சில மாதப் பயிற்சியும் மட்டுமே. மத்திய அரசின் சூரியமித்ரா பயிற்சி 2015 முதல் உள்ளது. மாநிலத்தின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் உள்ளது. ஊராட்சியில் ஏற்கெனவே பணிபுரியும் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்களில் இளையவர்களுக்கும் இப்பயிற்சியை அளிக்கலாம். அவர்கள் மோட்டாரின் குணம் அறிந்தவர்கள்.

கிணற்றடிக்கு வருவோம். சோலார் பம்புசெட் அமைக்க வேளாண்மைப் பொறியியல் துறையின் வழியே 60 விழுக்காடு மானியமும், ஆதிதிராவிடர், பழங்குடியினரான சிறு குறு உழவர்க்கு 70 விழுக்காடும் கிடைக்கின்றன. மின் இணைப்புக்கு முறை வைத்துக் காத்திருப்போர்க்கு இது பெருந்துணை. பகலில் ஓடும், இரவில் பாம்புக்கும் பன்றிக்கும் அஞ்சி மடைமாற்றப் போக வேண்டியதில்லை. அமைத்துக் கொடுக்கும் நிறுவனம் ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழுது நேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நாளில் வருவர் என்பதைப் பொருத்தும் நாளிலேயே எழுதி வாங்கிக் கொள்க.

ஆயினும் ஓர் எச்சரிக்கை கூறாதிருக்க முடியாது. எண்ணெய்க்குச் செலவில்லை, மின்கட்டணமும் இல்லை என்றால், வெயில் உள்ளவரை மோட்டாரை நிறுத்த மனம் வராது. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு ஊர்களில் ஆயிரமடிக்குப் போர் இறங்கியும் புழுதி வருவதை யாவரும் அறிவர். சொட்டுநீர்க் குழாயோடு இணைத்தே சோலார் பம்பு வைக்க வேண்டும் என்னும் விதியை அலுவலகத் தொல்லை என்று எண்ணலாகாது. வெயிலுக்கு விலையில்லை; அடிநீருக்கு உண்டு.

மலையேறும் வண்டிகள்

விடியுமுன் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் குமுளிக்கும் ஜீப்புகள் ஏறுகின்றன. தூக்குவாளியுடன் அவற்றில் நெருங்கி அமர்ந்து ஏலத்தோட்டத்துக்குச் செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள். பொழுது சாயத் திரும்புவர். அவர்களில் ஒரு பகுதியினருக்கேனும் ஊரிலேயே வேலை உண்டாக்கக் கூடுமாயின் அதனையே இம்முதலீடுகளின் பயன் என நாம் கொள்வோம்.

அதற்கு வழி, விளைபொருளைக் கெடாமல் வைக்கவும் உலர்த்தவும் வெயிலைப் பயன்படுத்துவதில் உள்ளது. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயர் பெற்ற பழமாயினும் பறித்த சில நாளில் வாடி விடும். வரத்து மிகும் வாரங்களில் விலை சொல்வது வியாபாரியே. சோலார் தகட்டால் இயங்கும் சிறு குளிர்பதன அறைகள் இன்று கிடைக்கின்றன. ஊருக்கு ஓர் அறை இருப்பின் நாலு நாள் விலை பார்த்து நிற்கலாம். தேங்காயைக் கொப்பரையாக்கவும் முருங்கையிலை, மிளகாய், வாழைக்காய்ச் சீவல் உலர்த்தவும் சூரியக் கூடார உலர்த்திகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் அளிக்கிறது. களத்தில் காயப் போட்டால் மூன்று பேர் கோழி விரட்ட வேண்டும். கூடாரத்தில் அவ்வேலை இல்லை. ஆனால் தரம் பிரித்தலும் சீவுதலும் பொட்டலமிடுதலும் கூடும். இவற்றை மகளிர் குழுக்கள் ஏற்று நடத்துவதே பொருத்தம். விற்பனைக்கு ஆள் அமைந்த பிறகு உலர்த்தி வாங்குக, முன்பு அன்று. வாங்குவாரின்றி உலர்ந்த பொருளும் பூசணம் பூக்கும்.

சாண எரிவாயுவைப் பற்றி முன்பே இத்தகைய பக்கங்களில் பலரும் எழுதியுள்ளமையால் சுருங்கச் சொல்வோம். இரண்டு கன மீட்டர்க் கலன் ஒன்றுக்கு நாளும் 50 கிலோ சாணம் வேண்டும். தொழுவத்தில் கட்டி வளர்க்கும் நாலைந்து மாடு போதும். சாணத்தைக் கலனில் இட்டால் உரம் போய்விடுமே என்பது நம் பகுதியில் கேட்கும் கேள்வி. மலைத்தோட்டங்களுக்கு லாரியேற்றிச் சாணம் விற்கும் ஊர்களல்லவா! கலனிலிருந்து வெளிவரும் குழம்பில் உரச்சத்து குறைவதில்லை. கலன் கட்டத் தெரிந்த கொத்தர்தாம் குறைவு. அதுவும் ஒரு வேலையே.

வீட்டுக் கூரைக்கு 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், இரண்டுக்கு 60 ஆயிரம், மூன்றும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய் மானியம் உண்டு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாய்ப் பெறும் நம் மாநிலத்தில், இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள வீட்டுக்கு இதனால் பெரிய ஆதாயமில்லை. கடன் வாங்கிப் போடுவது வேண்டாம். மாடிவீடும் குளிர்சாதனமும் உள்ளோர்க்கும், பட்டியல் கூடிவரும் சிறு தொழில் நடத்துவோர்க்கும் கணக்கு வேறு. தொழிலுக்கு இந்த மானியம் இல்லை. ஆயினும் மாவு மில்லும் செக்கும் பகலில் ஓடுவன ஆதலின் வெயிலோடு இசைந்து போகும்.

ஊராட்சிகள் கிராம வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்போது, கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளைத் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், கட்டடங்கள் என மூன்றாகப் பிரித்துக் கூட்டி ஒரு தாளில் எழுதுக. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 27 யூனிட் ஆகும். ஐந்து கிலோவாட் தகடு அதில் பெரும்பகுதியை ஈடு செய்யும். அத்தாளின் மறுபக்கத்தில் ஊரிலுள்ள சோலார் விளக்குகள் எத்தனை, எரிவன எத்தனை, பேட்டரி மாற்ற வேண்டியன எத்தனை எனக் குறிக்க. மின்பணியாளர் சான்று பெற்று வேலையின்றி இருக்கும் இளைஞர், இளம்பெண்கள் பெயரையும் அதன் கீழ் எழுதுக. இத்தாளைக் கிராம சபையில் படித்துக் காட்டித் தீர்மானத்துடன் வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினால், அணைந்த விளக்குகளைச் செப்பனிடும் செலவை மதிப்பீட்டில் சேர்க்கவும், பயிற்சிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கவும் இயலும்.

சோலார் பம்புசெட் வேண்டுவோர் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம், சிறு குறு விவசாயி என்பதற்கு வட்டாட்சியர் சான்று, உரியவர்க்குச் சாதிச் சான்று ஆகியவற்றின் நகல்களுடன் வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்தில் உதவிச் செயற்பொறியாளரை அணுகலாம். கிணற்றின் ஆழமும் கோடையில் நீர் நிற்கும் மட்டமும் அளந்து எழுதிக் கொண்டு போனால், எத்தனை குதிரைத்திறன் பொருந்தும் என்பதை அங்கேயே கணித்துச் சொல்வர்.